சொந்தத்தில் எடுத்த எஞ்சின்

ஃபியட் எக்ஸ் 1/9 காரைப் படத்தில் முதன்முதலாகப் பார்ப்பவர்கள், கோடீஸ்வரர்கள் வாங்கும் வண்டி என்றுதான் நினைப்பார்கள். ஆப்பு மாதிரி கூர்ந்த முகம், உள்ளே மடங்கிக்கொள்ளும் முகப்பு விளக்குகள், கழற்றி முன்பக்கப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளத்தக்க கூரை, இரண்டே இருக்கைகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் எஞ்சின். வடிவமைத்தவர் பெர்டோனே நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ கந்தினி. லம்போர்கினி மியூராவும் கவுன்டாக்கும் அவர் வரைந்தவைதான். 1972 கடைசியில் விற்பனைக்கு வந்து 1989 வரை, கடைசி ஏழு ஆண்டுகள் பெர்டோனேயின் சொந்தப் பெயரில், ஏறக்குறைய 1,60,000 வண்டிகள் வெளிவந்தன. ஆனால் இத்தனை மிடுக்குக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தது 1290 சிசி, 75 குதிரைத்திறன் கொண்ட சாதாரணக் குடும்பக் கார் எஞ்சின். 1978-ல் அது 1498 சிசி ஆகி 85 குதிரைத்திறனைத் தொட்டது. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளிலோ, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழுத்தைப் பிடித்ததில் 70-ஐக்கூட எட்டாத காலம் உண்டு. பார்வைக்குப் பந்தயக் கார், ஓட்டத்துக்குக் குடும்பக் கார் என்ற இந்த முரண்தான், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல உரிமையாளர்களை ஒரே முடிவுக்குத் தள்ளியிருக்கிறது: அதே ஃபியட்டின் ஊனோ டர்போவிலிருந்து எஞ்சினை எடுத்து இதில் வைத்துவிடுவது. பழைய கார் பிரியர்களில் ஒரு சாரார் இதைப் பாவம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எனக்கு நியாயமாகப் படுவது கூடுதல் வேகம் அல்ல. எஞ்சின் எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறது, அதற்கு ஈடுகொடுக்க மற்ற உறுப்புகளுக்கு என்ன செய்யப்படுகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் இந்த வேலையை எடைபோட வேண்டும்.

முதலில் வண்டியின் உடலைப் பார்ப்போம். 1969-ல் டூரின் கண்காட்சியில் பெர்டோனே வைத்த ஆட்டோபியாங்கி ரனபவுட் என்ற காட்சிக் காரிலிருந்துதான் இது பிறந்தது. அதே ஆண்டு ஃபியட் 128 என்ற நான்கு கதவு கார் வந்திருந்தது. அதில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டில் ஒன்றாகக் கோக்கப்பட்டு முன்சக்கரங்களை ஓட்டின. அந்த முழுத் தொகுதியையும் அப்படியே தூக்கி இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தால், மலிவான பாகங்களைக் கொண்டே நடு எஞ்சின் காரைச் செய்துவிடலாம் என்பது யோசனை. எடை முன்னும் பின்னும் சீராகப் பங்கிடப்பட்டது. நான்கு சக்கரங்களிலும் தனித்தனி சஸ்பென்ஷன், நான்கிலும் டிஸ்க் பிரேக். அமெரிக்காவில் வரவிருந்த கடுமையான விபத்துப் பாதுகாப்பு விதிகளை மனத்தில் வைத்து வரைந்ததால், கூரை இல்லாத காருக்கு வழக்கமாக இருக்கும் தளர்வு இல்லாமல் உடல் இறுக்கமாக அமைந்தது. மொத்தத்தில், வண்டி தாங்கக்கூடிய சக்தி எஞ்சின் தரும் சக்தியைவிட மிக அதிகம். இதற்குச் சாட்சி இத்தாலியிலேயே உண்டு. ஃபியட்டின் பந்தயப் பிரிவாகிவிட்ட அபார்த், 1974 வாக்கில் 1.8 லிட்டர் எஞ்சினை வைத்து ராலிப் போட்டிக்கான சில முன்மாதிரிகளைச் செய்தது. அவற்றின் சக்தி 200 குதிரைத்திறனை ஒட்டியது. பிறகு ஃபியட் வேறு காரைத் தேர்ந்தெடுத்ததால் அந்தத் திட்டம் நின்றது. பந்தயக் கார் வடிவமைப்பாளர் ஜான்பாவ்லோ தல்லாரா தன் பட்டறையில் செய்த பந்தய எக்ஸ் 1/9, வெறும் 1.3 லிட்டரிலிருந்து, பதினாறு வால்வுகளின் துணையோடு 190 குதிரைத்திறன் அளவுக்கு வாங்கியது. இவை தொழிற்சாலைக்கு நெருக்கமானவர்கள் செய்த வேலைகள். ஆக, இந்த உடல் கூடுதல் சக்தியைத் தாங்குமா என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. தாங்கும், ஆனால் அகலச் சக்கரமும் பெரிய பிரேக்கும் கூடவே வேண்டும்.

ஒரு பெட்ரோல் எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளே வாங்குகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். சக்தி வேண்டுமானால் காற்று வேண்டும். காற்றை அதிகமாக்க, எஞ்சினைப் பெரிதாக்கலாம், வேகமாகச் சுழற்றலாம், அல்லது காற்றை அமுக்கி உள்ளே திணிக்கலாம். டர்போ செய்வது மூன்றாவது வேலை. எரிந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றைப் பிடித்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையிலிருந்தே வேலை வாங்கும் தந்திரம் இது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கடைக்கு வந்த கார்களில் அது ஏறியது 1962-ல், அமெரிக்காவில். இத்தாலியின் சிறு கார்களுக்கு அது வந்துசேர்ந்தது எண்பதுகளில்தான். 1985-ல் ஃபியட் வெளியிட்ட ஊனோ டர்போ, 1.3 லிட்டரில் 105 குதிரைத்திறன் தந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வரை போனது. அதன் இரண்டாம் வடிவம் 1372 சிசியில் 118 குதிரைத்திறனை எட்டியது. இழுவிசையில் வித்தியாசம் இன்னும் பெரிது. எக்ஸ் 1/9-இன் 1500 எஞ்சின் 120 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் கீழே நிற்க, இது 160-ஐத் தாண்டியது. அதுவும் நடுத்தரச் சுற்றுகளிலேயே. முந்திச் செல்லும்போது கால் அழுத்தியதும் வண்டி பாய்கிறதா, கியரைக் குறைத்துக் கெஞ்ச வேண்டியிருக்கிறதா என்பதை முடிவுசெய்வது உச்சச் சக்தியைவிட இந்த இழுவிசைதான்.

இங்கேதான் சொந்தபந்தம் வருகிறது. 128-க்காக எஞ்சினை வரைந்தவர் அவுரேலியோ லாம்பிரெதி. அதற்கு முன் ஃபெராரியில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்களைச் செய்தவர். அவர் போட்ட அந்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் வம்சம்தான் எக்ஸ் 1/9-இலும் ஊனோ டர்போவிலும் ஓடுகிறது. அளவுகளைப் பாருங்கள். எக்ஸ் 1/9-இன் 1498 சிசி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 86.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 63.9. ஊனோ டர்போவின் 1301 சிசி வடிவத்தில் விட்டம் 80.5, தூரம் அதே 63.9. விட்டம் குறைந்தது கஞ்சத்தனத்தால் அல்ல; சிலிண்டர் சுவரில் கூடுதல் இரும்பு இருந்தால்தான் டர்போ தரும் அழுத்தத்தைத் தாங்கும். பிஸ்டன் காற்றை அமுக்கும் விகிதமும் பழைய எஞ்சினில் 9-க்கு மேல். டர்போவில் 8-ஐ ஒட்டி. காற்று ஏற்கெனவே அமுக்கப்பட்டு வருவதால், உள்ளே மேலும் அதிகமாக அமுக்கினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தின்றுவிடும். ஆகவே பழைய எஞ்சினிலேயே ஒரு டர்போவை மாட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. தொழிற்சாலையே டர்போவுக்கென்று மாற்றி வார்த்த எஞ்சின் கையில் கிடைக்கும்போது, அப்படி மாற்றப்படாத எஞ்சினை வதைப்பானேன்? இன்னொரு பக்கம், ஒரே குடும்பம் என்பதால் எக்ஸ் 1/9-இன் ஐந்து கியர் பெட்டியோடு இந்த எஞ்சின் நேரே போல்ட் போட்டுச் சேர்கிறது. சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை அளவெடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. நம் ஊரில் சொந்தத்தில் பெண் எடுத்தால் பேச்சுவார்த்தை பாதி குறையும் என்பார்களே, அந்தச் சௌகரியம்தான். மீதிப் பாதி இருக்கிறது: புகைக்குழாய் புதிது, எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பு புதிது, அதற்கு அதிக அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்பும் பம்ப் புதிது, மின்கம்பிகள் புதிது, டர்போவுக்கு எண்ணெய் போகும் வழியும் திரும்பும் வழியும் புதிது.

இதற்கு எதிராக நல்ல வாதம் ஒன்று உண்டு. இத்தனை பாடுபடுவதற்கு, ஹோண்டாவின் 2 லிட்டர் கே வரிசை எஞ்சினை வைத்துவிடலாமே என்கிறார்கள். டர்போ இல்லாமலே 200 குதிரைத்திறன், தகராறு செய்யாது, பாகங்கள் எளிதாகக் கிடைக்கும். அமெரிக்காவில் அதைச் செய்தவர்கள் கணிசம். அவர்களுடைய வண்டிகள் நன்றாகவே ஓடுகின்றன. ஹோண்டா எஞ்சின் உறுதியானது என்பதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதை ஏற்ற, தாங்கிகளை அறுத்து வெல்டிங் வைக்க வேண்டும், கியர்பாக்ஸையும் தண்டுகளையும் மாற்ற வேண்டும், கியர் போடும் அமைப்பையே புதிதாகக் கட்ட வேண்டும். முடிவில் கிடைப்பது எக்ஸ் 1/9 போன்ற தோற்றமுள்ள வேறு கார். சக்தி இரட்டிப்புக்கும் மேலே போகும்போது பிரேக்கும் சஸ்பென்ஷனும் சக்கரமும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து மாறியாக வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 85-இலிருந்து 118-க்குப் போவது நாற்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான உயர்வு. சுமார் 920 கிலோ எடையுள்ள வண்டியில் அது தெளிவாகத் தெரியும். ஆனால் வண்டியின் இயல்பு மாறாது. நாளை மனம் மாறினால் பழைய எஞ்சினைத் திரும்ப வைக்கவும் முடியும்.

இனி வெப்பம். எஞ்சினை மாற்றுவதைப் பற்றிப் பேசுபவர்கள் குதிரைத்திறனைப் பற்றியே பேசுகிறார்கள். வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பம்தான். பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேற வேண்டும். சக்தி நாற்பது விழுக்காடு கூடினால், முழு வேகத்தில் அகற்ற வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். எக்ஸ் 1/9-இல் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். தண்ணீர் வண்டியின் முழு நீளத்துக்கும் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் போய் வருகிறது. நாற்பது வயதான வண்டியில் அந்தக் குழாய்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும். ரேடியேட்டரின் குறுகிய வழிகளில் துரு அடைத்திருக்கும். எங்காவது ஒரு மேட்டில் காற்று சிக்கினால் தண்ணீர் சுற்றாது. பழைய எஞ்சினுக்கே இவை தலைவலி. டர்போ வைக்க நினைப்பவர் முதல் பணத்தைச் செலவழிக்க வேண்டியது இங்கேதான், டர்போவில் அல்ல.

அடுத்தது காற்றின் சூடு. காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும். 20 டிகிரியில் உள்ளே வரும் காற்றை, வெளி அழுத்தத்தைப் போல 1.6 மடங்குக்கு ஒரு சிறு டர்போ அமுக்கினால், அதன் சூடு 80 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரியும் என்பதால், அழுத்தம் அறுபது விழுக்காடு கூடியும் உண்மையில் உள்ளே போகும் காற்று முப்பது விழுக்காடுதான் கூடும். நடுவில் ஓர் இன்டர்கூலரை வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால், அந்த முப்பது நாற்பத்தேழாகும். முன்னேரம் வெடிக்கும் ஆபத்தும் குறையும். ஊனோவில் எஞ்சின் முன்னால் இருந்ததால், இன்டர்கூலருக்கும் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவிக்கும் எதிர்க்காற்று இலவசமாகக் கிடைத்தது. எக்ஸ் 1/9-இல் எஞ்சின் ஒரு மூடிய அறைக்குள் இருக்கிறது. கதவுகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் சிறு காற்றுத் திறப்புகள் உண்டு, அவ்வளவுதான். அங்கே இன்டர்கூலரைத் திணித்து மின்விசிறி வைப்பவர்கள் உண்டு. காற்றைத் தண்ணீரால் குளிர்வித்து, அந்தத் தண்ணீருக்கு முன்னால் தனி ரேடியேட்டர் வைப்பவர்களும் உண்டு. இரண்டாவது வழி செலவும் எடையும் கூடியது. ஆனாலும் ஓடாமல் நிற்கும் நகரப் போக்குவரத்திலும் தன் வேலையைச் செய்யும் என்பதால் அதுவே மேல் என்பது என் கணிப்பு. லாம்பிரெதியின் இந்த எஞ்சினில் காற்று நுழைவதும் புகை வெளியேறுவதும் ஒரே பக்கத்தில். பழுக்கக் காய்ந்த டர்போவுக்கு அருகிலேயே குளிர்ந்த காற்று போக வேண்டும். சில 1500 வண்டிகளில் கார்புரேட்டரை ஊதிக் குளிர்விக்க ஃபியட்டே தனி மின்விசிறி வைத்திருந்தது என்றால், டர்போ இல்லாத காலத்திலேயே அந்த அறை எவ்வளவு கொதித்தது என்று புரிந்துகொள்ளலாம். போதாக்குறைக்கு, பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், எஞ்சின் அறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் அங்கே டர்போவை வைப்பது சாகசம் அல்ல, மடத்தனம். வண்டியை விரட்டி ஓட்டிவிட்டுச் சட்டென்று அணைத்தால், டர்போவின் தண்டைச் சுற்றி நிற்கும் எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர் 85 குதிரைத்திறனோடு திருப்தியாக இருக்கலாம்.

பிரேக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 140-இல் போவதை நிறுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலை டிஸ்க்குகள் விழுங்க வேண்டும். எக்ஸ் 1/9-இன் பிரேக்குக்குக் கால் பலத்தைக் கூட்டித்தரும் உதவிக் கருவியும் கிடையாது. தரமான பேடு, புதிய ஹோஸ், முடிந்தால் பெரிய டிஸ்க். கிளட்ச் கூடுதல் இழுவிசையைத் தாங்குவதாக இருக்க வேண்டும். துரு தின்ற உடலாக இருந்தால், குறிப்பாக சஸ்பென்ஷன் மேலே போய்ச் சேரும் இடங்கள் மெலிந்திருந்தால், எஞ்சினைத் தேடுவதை விட்டு வெல்டரைத் தேடுவதுதான் புத்தி.

டர்போ வந்தால் அந்தச் சின்ன வண்டியின் துடிப்பு போய்விடும் என்ற குறையில் உண்மை இருக்கிறது. பழைய எஞ்சின் காலுக்கு உடனே பதில் சொல்லும், உற்சாகமாகச் சுழலும். எண்பதுகளின் டர்போ, சக்கரம் வேகம் பிடிக்கும்வரை ஒரு கணம் யோசிக்கும். பிறகு மொத்தமாகத் தள்ளும். நடு எஞ்சின் காரில் ஒரு வளைவின் நடுவே அந்தத் தள்ளல் வந்தால் பின்புறம் வழுக்கலாம். இதைச் சமாளிக்க இன்று வழி உண்டு. அன்றைய எரிபொருள் அமைப்புக்குப் பதிலாக நிரல் எழுதத்தக்க மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்தால், அழுத்தம் எந்தச் சுற்றில் எவ்வளவு ஏற வேண்டும் என்று மெதுவாக வளைத்துக்கொள்ளலாம். அந்தத் தாமதம் முழுதாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். உச்சச் சக்தியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சிறிய டர்போவைத் தொழிற்சாலை வைத்த அழுத்தத்திலேயே வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறை குறைவு. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்தத் தாமதத்தோடு வாழத்தான் வேண்டும்.

பழமையைக் காக்க வேண்டும் என்பவர்களின் எதிர்ப்பு இதைவிட ஆழமானது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், வரலாற்று வண்டிகளை அவற்றின் இயல்பு கெடாமல் காக்கச் சொல்கிறது. மாற்றம் தவிர்க்க முடியாததானால் அது திரும்ப மாற்றத்தக்கதாகவும் பதிவுசெய்யப்பட்டதாகவும் இருக்கட்டும் என்கிறது. நல்ல நெறிதான். ஆனால் இத்தாலியச் சிறு கார்களின் வரலாறே எஞ்சினைத் தட்டிக்கொட்டியவர்களின் வரலாறு என்பதை மறக்கக் கூடாது. 1955-ல் வந்த ஃபியட் 600-இன் 633 சிசியை ஏற்றி ஏற்றி 1000 வரை கொண்டுபோய்ப் பந்தயங்களில் வென்றவர் கார்லோ அபார்த். இன்று அந்த வண்டிகளை ஏலத்தில் எடுக்கப் போட்டி. அமெரிக்காவில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஃபியட் 124 ஸ்பைடருக்கு டர்போ மாட்டி, ஷோரூமிலேயே விற்றார்கள். நம் நாட்டிலும் கதை உண்டு: 1985-ல் பம்பாயின் பிரீமியர் நிறுவனம், ஃபியட் 124-இன் உடலில் நிசானின் 1171 சிசி எஞ்சினை வைத்து 118 என்இ என்று விற்றது. அதை யாரும் கலப்படம் என்று ஒதுக்கவில்லை. அதே நிறுவனத்தின் பத்மினியைவிடச் சொகுசு என்று வாங்கினார்கள். 1972-ன் முதல் தொகுப்பு வண்டி, அசல் எஞ்சினோடும் அசல் பெயின்டோடும் இருந்தால், அதில் கைவைப்பதை நானும் எதிர்ப்பேன். 1,60,000 வண்டிகளில், எஞ்சின் ஏற்கெனவே போய்விட்ட, நாலு கை மாறிய ஒன்றுக்கும் அதே புனிதத்தைக் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைப்பது வேறொரு கேள்வி. ஊனோ டர்போவும் இப்போது அரும்பொருளாகிவிட்டது. 1985-க்கும் 1994-க்கும் இடையே செய்தவற்றில் பெரும்பகுதி மோதி, துருப்பிடித்து, இளைஞர்களிடம் சிக்கிச் சீரழிந்துவிட்டது. ஒரு பழைய காரை உயிர்ப்பிக்க இன்னொரு பழைய காரைக் கொல்வது எந்த நியாயம்? நன்றாக ஓடும் ஊனோ டர்போவிலிருந்து எஞ்சினைப் பிடுங்குவதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. மோதி நசுங்கிய வண்டியிலிருந்து வந்த எஞ்சினுக்கு ஆட்சேபம் இல்லை. இன்னொரு வழி, 1993-ல் வந்த புன்டோ ஜிடி. அதே 1372 சிசி வம்சம், 130-க்கு மேல் குதிரைத்திறன். ஊனோ அளவுக்கு அதன் மேல் யாருக்கும் பாசம் வளரவில்லை. அந்தப் பாசம் வளர்வதற்குள் எடுத்துக்கொள்வது நல்லது.

கடைசியில் காகிதம். இங்கிலாந்தில் நீண்ட காலம் பின்பற்றிய விதிப்படி, மாற்றம் செய்த வண்டி தன் பழைய பதிவைத் தக்கவைக்க எட்டுப் புள்ளிகள் தேவைப்பட்டன. உடலுக்கு ஐந்து, சஸ்பென்ஷனுக்கு இரண்டு, ஸ்டீயரிங்குக்கு இரண்டு என்று போய், எஞ்சினுக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. எஞ்சின் மாறினால் வண்டியின் அடையாளம் மாறிவிடாது என்று அந்த நாடு நினைத்திருக்கிறது. எக்ஸ் 1/9-இன் சொந்த நாடான இத்தாலியில் நிலைமை தலைகீழ். எஞ்சினின் வகைக் குறியீடு வண்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது. சாலைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி, அடிப்படை அம்சங்களை மாற்றினால் அரசு அலுவலகத்தில் பரிசோதனைக்கு நிறுத்திப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். செய்யாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம், புத்தகம் பறிமுதல். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டு. 2015-ல் அந்த நாடு பழைய கார்களில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி மின்மோட்டார் வைப்பதற்கென்று தனி ஆணை போட்டு வழி திறந்துவிட்டது. லாம்பிரெதியின் எஞ்சினுக்குப் பதில் லாம்பிரெதியின் இன்னொரு எஞ்சினை வைக்க நினைப்பவருக்கு அப்படித் தனி வழி எதுவும் கிடையாது. வேலையைத் தொடங்குமுன் அவர் முதலில் ஏறி இறங்க வேண்டியது மெக்கானிக்கின் பட்டறையை அல்ல, வாகனப் பதிவு அலுவலகத்தின் படிகளை.